பந்தலைப் பிரித்த பிறகு யார் வருகிறார்கள்?

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊர்களில் அதற்குச் சில நாட்கள் முன்பே கல்லறைத் தோட்டங்களில் வேலை தொடங்கிவிடும். புல் செதுக்குவார்கள், சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், மழையில் அழிந்த பெயர்களைக் கறுப்பு மையில் திரும்ப எழுதுவார்கள். அன்று ஒவ்வொரு கல்லறையின் தலைமாட்டிலும் மெழுகுவத்தி எரியும், பூ கிடக்கும். பங்குத்தந்தை தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டே வர, குடும்பம் குடும்பமாக அவரவர் கல்லறையருகே காத்து நிற்பார்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, பூத்துறை, நீரோடி போன்ற ஊர்களில், போய் நிற்க ஒரு கல்லறைகூட இல்லாத பெண்கள் இருக்கிறார்கள். ஒக்கி புயலில் போன அவர்கள் வீட்டு ஆண்களின் உடல் கரைக்கு வரவே இல்லை.

2017 நவம்பர் 30. காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது ஒரே நாளில் புயலாக வலுத்துக் குமரிக் கடலைக் கலக்கியது. தூத்தூர் வட்டார மீனவர்கள் ஆழ்கடல் சுறா வேட்டைக்குப் பெயர் பெற்றவர்கள். விசைப்படகில் புறப்பட்டால் வாரக்கணக்கில், லட்சத்தீவையும் தாண்டிப் போகிறவர்கள். புயல் எச்சரிக்கை வந்தபோது அவர்களில் பலர் எந்தச் செய்தியும் எட்டாத தொலைவில் இருந்தார்கள். எத்தனை பேர் திரும்பவில்லை என்பதில் அரசுக் கணக்கு நாளுக்கொன்றாக மாறிக்கொண்டிருந்த அந்த நாட்களில், பங்குத்தந்தையர் வீடு வீடாக விசாரித்துப் பட்டியல் எடுத்தார்கள். எந்தப் படகு, என்றைக்குப் புறப்பட்டது, யார் யார் ஏறினார்கள், வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று எழுதி வைத்தார்கள். டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கான மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்து, தேடுதலைத் தீவிரப்படுத்தச் சொல்லிக் கேட்டபோது அவர்களோடு குருக்களும் அமர்ந்தார்கள்.

துக்கத்தில் இருப்பவர்களுக்குக் கிறிஸ்தவ ஆறுதல் என்று பேச்செடுத்தால், பெரும்பாலானவர்களுக்கு ஒரு வேத வசனமும் ஒரு ஜெபமும்தான் நினைவுக்கு வரும். எனக்கு அந்தப் பட்டியல்தான் நினைவுக்கு வருகிறது. காணாமல் போன ஒருவரின் பெயரை ஒருவர் கேட்டு எழுதிக்கொள்கிறார், அந்தப் பெயருக்காக ஆட்சியர் அலுவலகம் வரை போகிறார் என்பதே அந்த வீட்டுக்குப் பெரிய ஆறுதல்.

அதற்குப் பிறகு வந்தது இன்னும் கடினமான காலம். ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லை என்றால்தான் அவர் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்பது அப்போது நடைமுறையில் இருந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு. அரசு இறங்கிவந்து, அவ்வளவு காலம் காக்க வைக்காமல் நிவாரணம் தர முன்வந்தது. குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. நல்ல முடிவு. ஆனால் பணத்தை வாங்க வேண்டுமென்றால் ஆள் இல்லை என்பதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தைப் போட்டால் என் மகனை நானே சாகடித்த மாதிரி ஆகிவிடுமே என்று ஒரு தாய் தயங்கினால் அவரைக் குறை சொல்ல முடியுமா? வியட்நாம் போரில் காணாமல் போன அமெரிக்கப் போர் வீரர்களின் குடும்பங்களை 1970-களில் ஆராய்ந்த உளவியலாளர் பாலின் பாஸ், இழப்புகளிலேயே மிகக் கடினமானது இதுதான் என்றார். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதபோது மனம் அழவும் முடியாமல், ஆறவும் முடியாமல் நின்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது. அடக்கம் இல்லை, ஏழாம் நாள் இல்லை, ஆண்டு நினைவு எந்தத் தேதியில் என்பதும் இல்லை.

அப்படிப்பட்ட வீட்டுக்கு இறந்தோருக்கான பூசை வைப்பதா, திரும்பி வர வேண்டும் என்று மன்றாடுவதா? எந்தக் குருமடத்திலும் இதற்கு நேரான விடை சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். என் எண்ணம் இதுதான்: அதை முடிவு செய்யும் உரிமை அந்த மனைவிக்கும் தாய்க்கும் மட்டுமே உண்டு. இந்த ஆண்டு திரும்பி வர மன்றாடச் சொன்னவர் அடுத்த ஆண்டு இறந்தோர் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லலாம். அதற்கடுத்த ஆண்டு மனம் மாறவும் செய்யலாம். ஒவ்வொரு முறையும் சரி என்று சொல்லிக் கூட நிற்பதுதான் திருச்சபையின் வேலை. "இன்னுமா நம்பிக்கொண்டிருக்கிறாய்?" என்றோ, "அதற்குள் விட்டுவிட்டாயா?" என்றோ கேட்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் மன்னாரிலும் காணாமல் போனவர்களுக்காக நிற்கும் இதே பணியை ஒருவர் செய்தார். மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன் ஓர் எண்ணை வைத்தார்: 1,46,679. வன்னியில் 2008 அக்டோபரில் இருந்ததாக அரசு அலுவலகங்களே பதிந்திருந்த மக்கள்தொகைக்கும், போரின் முடிவில் அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்களின் எண்ணிக்கைக்கும் இடையிலான வித்தியாசம் அது. இத்தனை பேருக்கு என்ன ஆனது என்று அவர் கேட்டார். அதற்காக அவருக்கு வந்த நெருக்கடிகள் கொஞ்சமல்ல. 2021 ஏப்ரல் 1-இல் அவர் இறந்தபோதும் அந்தக் கேள்விக்கு விடை வரவில்லை. ஆனால் பிள்ளையின் புகைப்படத்தை ஏந்தித் தெருவோரம் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு தாயின் கேள்வியையும் ஓர் ஆயர் தன் கேள்வியாக எடுத்துக்கொண்டார் என்பது வரலாற்றில் இருக்கிறது.

இவையெல்லாம் பேரிடர், போர் என்று பெரிய அளவில் நடந்தவை. சாதாரண நாளில் சாதாரண வீட்டில் சாவு விழும்போது நம் சபைகள் எப்படி நடந்துகொள்கின்றன?

முதல் மூன்று நாட்களைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. தென் மாவட்டங்களில் கோயில் மணி துக்க மணியாக அடித்த அரை மணி நேரத்தில் துட்டி வீட்டின் முன்னால் பந்தல் எழும்பிவிடும். நாற்காலி வந்து இறங்கும். வாலிபர் சங்கத்துப் பையன்கள் ஃப்ரீசர் பெட்டிக்கு ஆள் அனுப்புவார்கள், குழி வெட்ட ஏற்பாடு செய்வார்கள். அந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்று பக்கத்து வீடுகளிலிருந்து காப்பியும் சோறும் வந்துகொண்டே இருக்கும். இரவெல்லாம் உட்கார்ந்து பாட்டுப் பாடுவார்கள். அடக்க ஆராதனைக்கு ஊரே திரளும். இவ்வளவு தூரம் அடுத்தவர் துக்கத்தைத் தன் துக்கமாக எடுத்துச் செய்யும் சமூகங்கள் உலகில் அதிகம் இல்லை.

பிறகு பந்தலைப் பிரிக்கிறார்கள். கணக்குப் பார்த்து நாற்காலிகளை ஏற்றி அனுப்புகிறார்கள். கத்தோலிக்கர் என்றால் முப்பதாம் நாள் பூசை, சீர்திருத்த சபையார் என்றால் ஒரு நினைவு ஆராதனை. அதோடு ஊரின் கடமை தீர்ந்துவிடுகிறது. துக்கமோ அந்த நேரத்தில்தான் வீட்டுக்குள் வந்து உட்காருகிறது. ஓய்வூதிய அலுவலகத்துக்கும் வங்கிக்கும் நடக்கும்போது, பள்ளிக்கூடப் படிவத்தில் தகப்பன் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று முதல் முறை எழுதும்போது, தனியாகக் கிறிஸ்துமஸ் வரும்போது. அப்போது யாரும் இருப்பதில்லை.

வந்திருந்த நாட்களிலும் நாம் பேசுவது என்ன? மகனை விபத்தில் இழந்த ஒரு வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். தாய் சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தார். ஒருவர் மாற்றி ஒருவராக வந்து குனிந்து கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள்: "ஆண்டவர் சித்தம், அக்கா." "நல்ல பிள்ளைகளைத்தான் ஆண்டவர் சீக்கிரம் எடுத்துக்குவார்." "அழாதீங்க, மோட்சத்துலதானே இருக்கான்." அவர் ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டினார். கடைசியாக வந்த வயதான பெண், சபையில் வெகுகாலம் வேதாகம ஸ்திரீயாக இருந்தவர், ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "காலையில ஏதாச்சும் சாப்பிட்டியா மோளே?" என்றார். இல்லை என்று தலையசைத்த தாய், அதுவரை சத்தமே போடாதவர், அவர் மடியில் விழுந்து கதறினார். அந்த அம்மா அவர் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார், வேறொன்றும் செய்யவில்லை.

ஆறுதல் வார்த்தைகளைச் சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்லர். துக்கத்தைக் கண்ணெதிரே பார்க்கிற பதற்றத்தில் அதற்கு உடனே ஒரு விளக்கம் சொல்லி மூடிவிடத் தோன்றுகிறது. ஆனால் ஆண்டவர் திட்டமிட்டுத் தன் பிள்ளையைக் கொன்றார் என்றுதான் அந்தத் தாயின் காதில் அது விழுகிறது. இப்படிப்பட்ட வார்த்தைகளைக் கேட்டு ஆலயத்தை விட்டே விலகிப் போனவர்கள் எத்தனையோ பேர்.

யோவான் நற்செய்தியின் பதினோராம் அதிகாரத்தைத் திரும்ப வாசித்துப் பார்க்கலாம். லாசரு இறந்து நான்கு நாள் ஆகிவிட்டது. இயேசு பெத்தானியாவுக்குத் தாமதமாகத்தான் வருகிறார். மார்த்தாள் ஊருக்கு வெளியே எதிர்கொண்டு போகிறாள். நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்க மாட்டானே என்கிறாள். அது வெறும் வரவேற்பு அல்ல, குற்றச்சாட்டு. இயேசு அவளோடு உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசுகிறார். அவள் விவாதம் செய்யக்கூடியவள், பதில் கேட்கிறவள். அவளுக்குப் பதில் கிடைக்கிறது. பிறகு மரியாள் வருகிறாள். அதே வார்த்தைகளைத்தான் அவளும் சொல்கிறாள். இந்த முறை இயேசு உயிர்த்தெழுதலைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவளும் உடன் வந்தவர்களும் அழுவதைப் பார்த்துக் கலங்குகிறார், எங்கே வைத்தீர்கள் என்று கேட்கிறார், தாமும் அழுகிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே அழுகிறார். ஒரே வீடு, ஒரே சாவு, ஒரே குற்றச்சாட்டு. இரண்டு பேருக்கு இரண்டு விதமான பதில். துக்கம் விசாரிக்கப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. எதிரே இருப்பவர் மார்த்தாளா மரியாளா என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே பிரசங்கத்தை வைக்கிறோம்.

யோபுவின் நண்பர்களும் முதலில் சரியாகத்தான் இருந்தார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் தரையில் அவனோடு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தவறியது எட்டாம் நாள் விளக்கம் சொல்லத் தொடங்கியபோது. புத்தகத்தின் முடிவில் கடவுள் கோபித்துக்கொள்வது அவரோடு சண்டை போட்ட யோபுவின் மேல் அல்ல, அவருக்காக வாதாடிய அந்த நண்பர்கள் மேல்தான்.

பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதும் அடக்க ஆராதனைகளில் அடிக்கடி தவறாகக் கையாளப்படுகிறது. நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கப்பட வேண்டாம் என்கிறார் அவர். துக்கப்படவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனாலும் பல சபைகளில் வாய்விட்டு அழுவதே விசுவாசக் குறைவாகப் பார்க்கப்படுகிறது. ஒப்பாரி வைத்தால் புறமதத்தார் வழக்கம் என்று அடக்கினார்கள். நம் வேதாகமத்திலோ புலம்பல் என்றே ஒரு புத்தகம் இருக்கிறது. 88-ஆம் சங்கீதம் எந்த நம்பிக்கை வரியும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதைத் தொகுத்தவர்கள் கடைசியில் ஒரு நன்றிப் பாட்டை ஒட்டவைக்க நினைக்கவில்லை. அந்தச் சங்கீதத்தை எந்த அடக்கத்திலாவது வாசித்துக் கேட்டிருக்கிறீர்களா?

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். சில சாவுகளுக்குத் திருச்சபை வெகுகாலம் கதவைச் சாத்தியிருந்தது. 1917-ஆம் ஆண்டு கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம், தெரிந்தே தற்கொலை செய்துகொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கம் கூடாது என்றது. 1662-ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் செபநூலும் அவர்களுக்கும் ஞானஸ்நானம் பெறாதவர்களுக்கும் அடக்க ஆராதனை முறையைப் பயன்படுத்தக் கூடாது என்று குறிப்பெழுதி வைத்திருந்தது. கேரளத்து ஊர்களில் அப்படிப்பட்டவர்களைப் புதைக்கக் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் தெம்மாடிக்குழி என்றே தனி இடம் இருந்தது. 1983-இல் வந்த புதிய திருச்சபைச் சட்டத்தில் தற்கொலை பற்றிய அந்தத் தடை இல்லை. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளுக்கும் மீட்பின் நம்பிக்கை உண்டு என்று வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையம் 2007-இல் விரிவாக எழுதியது.

சட்டம் மாறிவிட்டது. வாய்கள் மாறவில்லை. தூக்கில் தொங்கிய பிள்ளையின் வீட்டில் இன்றும் குரல் தாழ்த்திப் பேசுகிறார்கள். அந்தப் பிள்ளை நரகத்துக்குத்தான் போயிருக்கும் என்று மேடையிலிருந்தே சொல்லும் பிரசங்கிகளும் இருக்கிறார்கள். இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமே, தற்கொலைக்கு முயல்கிறவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்று கருதிப் பரிவோடு நடத்தச் சொல்கிறது. சட்டத்துக்கு இருக்கும் இரக்கம் பிரசங்க பீடத்துக்கு இல்லாமல் போகலாமா? கருவிலேயே கலைந்த குழந்தைக்கோ பெயருமில்லை, ஆராதனையுமில்லை. "அடுத்த வருஷம் பெத்துக்கலாம்" என்பதோடு முடித்துவிடுகிறோம். அந்தத் தாயிடம் போய், குழந்தைக்கு என்ன பெயர் நினைத்திருந்தீர்கள் என்று ஒரே ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

சாதி பற்றியும் சொல்லாமல் போக முடியாது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து ஒரு சுவர் எழுப்பி வைத்தார்கள். புதைக்கும் இடத்தில் சுவர் வைத்துவிட்டு அந்த வீட்டுக்கு யார் என்ன ஆறுதல் சொல்ல முடியும்?

விதவைகளின் நிலையும் அப்படித்தான். தாலியை அறுப்பதில்லை என்று பெருமைப்பட்டுக்கொள்ளும் குடும்பங்களில்கூட, கல்யாணத்தில் முன்வரிசையில் நிற்கக் கணவனை இழந்த அக்காவை யாரும் கூப்பிடுவதில்லை. திருச்சபை அமைத்த முதல் குழுவே விதவைகளுக்காக அமைந்ததுதான் என்பதை நாம் மறந்துவிட்டோம். அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரம் அதைத்தான் சொல்கிறது: எருசலேமில் கிரேக்கம் பேசிய விதவைகளுக்கு அன்றாடப் பந்தியில் சரியாகப் பங்கு போகவில்லை என்று முறையீடு எழுந்தது. அப்போஸ்தலர்கள் அதற்கு உபதேசம் செய்யவில்லை. ஏழு பேரை நியமித்துச் சோறு போய்ச் சேர வழி செய்தார்கள். ஆறுதலும் நிர்வாகமும் அங்கே ஒன்றாகவே தொடங்கின.

இன்றைக்கு அது எப்படி இருக்க வேண்டும்? பணத்தால் ஆகிற காரியம் பெரும்பாலும் இல்லை. வாரிசுச் சான்றிதழுக்கு வட்டாட்சியர் அலுவலகம் அலையும் பெண்ணோடு கூடப் போக, அந்த வழி தெரிந்த ஓர் ஓய்வு பெற்ற அரசு ஊழியர் எந்தச் சபையிலும் இருப்பார். அன்பியக் கூட்டத்திலும் பெண்கள் ஐக்கியத்திலும், மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் பிறந்தநாளிலும் அந்த வீட்டுக்குப் போக ஆள் வைக்கலாம். மனைவியை இழந்த ஆண்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். தாங்கள் அழுவதை அவர்கள் நம்மைப் பார்க்க விடுவதே இல்லை.

ஜெபத்தால் மட்டும் தீராததும் உண்டு. நோய்களுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் புதிய வகைப்பாடு, 2022 முதல் நீடித்த துக்கத்தைச் சிகிச்சை தேவைப்படும் ஒரு நிலையாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. இழப்பு நேர்ந்து ஆறு மாதத்துக்கு மேலும் ஒருவர் அன்றாட வேலைகளுக்கே திரும்ப முடியாமல், ஊர் வழக்கத்துக்கு மிஞ்சிய துக்கத்தில் உறைந்து கிடந்தால் அவரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அது விசுவாசக் குறைவு ஆகாது. உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு வந்தால் ஆறு மாதம் காத்திருக்கவும் கூடாது. மத்திய அரசின் 14416, தமிழக அரசின் 104 ஆகிய எண்கள் எந்நேரமும் இருக்கின்றன. 1986 முதல் சென்னையில் சினேகா அமைப்பு இதற்காகவே இயங்குகிறது. இந்த எண்களை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்க எந்த ஆயரும் தயங்க வேண்டியதில்லை. குருமடங்களும் இறையியல் கல்லூரிகளும் பிரசங்கக் கலைக்குத் தரும் நேரத்தில் பாதியையாவது துக்க வீட்டில் உட்காரக் கற்றுத் தருவதற்கு ஒதுக்க வேண்டும்.

ஒவ்வொரு பங்கிலும் சேகரத்திலும் அடக்கப் பதிவேடு ஒன்று இருக்கிறது. வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், ஆயரிடமோ பங்குத்தந்தையிடமோ கேட்டு, கடந்த ஓராண்டுப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். அடக்கம் முடிந்த பிறகு யாருமே போகாத வீடுகள் எவை என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அவற்றில் ஒன்றுக்கு அன்று மாலையே போய் வாருங்கள்.